அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று. புகைப்பழக்கத்தை என்ன செய்வது?

மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று ஏதோ ஒன்றுக்காக அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தவுடன் நோயாளியின் கையில் ஒரு தாள் வந்துவிடும். இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, இதய மருத்துவரிடம் ஃபிட்னஸ், எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டார் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவார்கள். புகைப்பழக்கம் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: "சிகரெட்டை நிறுத்திவிடுங்கள்." எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது, முடியாவிட்டால் யாரிடம் போவது என்று ஒன்றும் இருக்காது.

இருபது, முப்பது ஆண்டுகளாகப் புகைக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வரி போதாது. சர்க்கரை அதிகமாக இருந்தால் "சர்க்கரையைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு எந்த மருத்துவரும் எழுந்து போவதில்லை; மாத்திரையோ இன்சுலினோ எழுதுகிறார், மறுபடி வரச் சொல்கிறார், அளவு இறங்கிய பிறகே அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார். புகைப்பழக்கத்துக்கும் அதே அளவு மருத்துவ உதவி கிடைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் கிடைக்க வேண்டும், எப்படிக் கொடுக்கலாம் என்பதை, இதைப் பற்றி முதல் முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி இங்கே சொல்கிறேன்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் இருந்தாலும் அறுவைச் சிகிச்சை என்று வரும்போது முதலில் பேச வேண்டியது கார்பன் மோனாக்சைடு. இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தான் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்கிறது. அதோடு ஒட்டிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடுக்கு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலு உண்டு. அது பிடித்துக்கொண்ட இடம் அந்த நேரத்துக்கு ஆக்ஸிஜனுக்குக் கிடைக்காது. அறுவை அரங்கில் நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பார்கள் அல்லவா? வழக்கமான அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது. அதனால் திரையில் 98 என்று காட்டும்போதும் உண்மையான அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த நச்சு வேகமாக வெளியேறுகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தாலே நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாள் முழுதும் புகைக்காமல் இருந்தால் ஏறத்தாழ இயல்பான அளவுக்கு வந்துவிடும். வேறு எதற்கும் நேரமில்லை, நாளைக்கே அறுவைச் சிகிச்சை என்றாலும் இன்று நிறுத்துவதில் பலன் உண்டு என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

அடுத்தது நிகோடின். அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது, தோலுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கூடுதலாக உழைக்கும் இதயத்துக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் தேவைப்படும் நேரத்தில், அதைக் கொண்டுவரும் இரத்தமோ கார்பன் மோனாக்சைடால் குறைபட்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சையன்று காலையில் பதற்றத்தைத் தணிப்பதற்காக மருத்துவமனை வாசலில் பிடிக்கும் அந்தக் கடைசி சிகரெட் ஏன் ஆபத்தானது என்பது இதிலிருந்து புரியும்.

நுரையீரலின் கதை இவ்வளவு விரைவாகத் தீர்வதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. புகை அவற்றை முடக்குகிறது, சளியின் அளவையும் கூட்டுகிறது. மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கும்போது, எரிச்சல் கண்ட அந்த மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு அதிகம். அறுவை முடிந்த பிறகு இன்னொரு சிக்கல் வருகிறது. வயிற்றின் மேல்பகுதியிலோ மார்பிலோ தையல் போட்டிருந்தால் இருமுவதற்கே வலிக்கும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி அடியில் தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது. செயற்கைச் சுவாசமும் ஐ.சி.யூ. வாசமும் தேவைப்படும் நிலை புகைப்பவர்களுக்குக் கூடுதலாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நுண்மயிர்கள் மீளவும் சளி குறையவும் வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

பிறகு காயம். தையல் போட்ட இடம் கூடுவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், கொலாஜன் எனும் புரதம் புதிதாக உருவாக வேண்டும். புகை இந்த மூன்றிலும் கைவைக்கிறது. தையல் பிரிதல், சீழ் பிடித்தல், குடலிறக்கம் சரிசெய்த இடத்தில் மறுபடி பிதுங்குதல், முறிந்த எலும்பு சேராமல் போதல் ஆகிய எல்லாமே புகைப்பவர்களிடம் அதிகமாகக் காணப்படுகின்றன. முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்கு முன் புகையை நிறுத்தியே ஆகவேண்டும் என்று பல எலும்பு மருத்துவர்கள் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பீடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலையில் சுற்றியது, இரசாயனம் இல்லாதது, அதனால் கேடு குறைவு என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. பீடி அடிக்கடி அணைந்துபோவதால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. "நான் சிகரெட் தொடுவதே இல்லை, பீடிதான்" என்று சொல்பவருக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் பொருந்தும்.

எத்தனை வாரங்களுக்கு முன்பு?

குறைந்தது நான்கு வாரங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரியில், மயக்கவியல் மருத்துவர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்புடனும் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை இதைத்தான் சொன்னது. நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைகின்றன. அதற்கு மேல் புகையின்றிக் கழியும் ஒவ்வொரு வாரமும் பலனை ஏறத்தாழ 19 சதவீதம் கூட்டுகிறது.

இந்தத் துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் சோதனை டென்மார்க்கில் நடந்தது. 2002-இல் லான்செட் இதழில் வெளியானது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த, தினமும் புகைக்கும் 120 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பிருந்தே வாரம் ஒருமுறை ஆலோசனையும் நிகோடின் மாற்று மருந்தும் (புகையில்லாமல் நிகோடினை மட்டும் தரும் மருந்து) கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. உதவி பெற்றவர்களில் 18 சதவீதம்தான். காயம் தொடர்பான சிக்கல்கள் 31 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கின. உதவி பெற்ற எல்லோரும் நிறுத்திவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலர் குறைத்துக்கொண்டார்கள், சிலரால் அதுவும் முடியவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

இனி, பல நோயாளிகளையும் சில மருத்துவர்களையும்கூடக் குழப்பியிருக்கும் ஒரு கருத்துக்கு வருகிறேன். "அறுவைக்குச் சில நாட்களே இருக்கும்போது நிறுத்தினால் சளி கூடிவிடும், அதற்கு நிறுத்தாமல் இருப்பதே மேல்" என்று சொல்வார்கள். இது வானத்திலிருந்து விழுந்த வதந்தி அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதயப் பைபாஸ் செய்துகொண்ட 200 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 1989-இல் வந்தது. அறுவைக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் நிறுத்தியவர்களுக்கு, அதற்கு முன்பே நிறுத்தியவர்களைவிட நுரையீரல் சிக்கல் அதிகம் என்று அது கண்டது. சீக்கிரம் நிறுத்துவது நல்லது என்று படிக்க வேண்டியதைப் பலர் தாமதமாக நிறுத்துவது கெடுதல் என்று படித்தார்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் தாமதமாக நிறுத்தியவர்களைத் தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டில் அந்த ஆய்வு உறுதியான முடிவு எதையும் தரவில்லை. பின்னர் 2011-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அறுவைக்கு நெருக்கத்தில் நிறுத்துவதால் கேடு வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே இனி யாராவது "இப்போது நிறுத்தினால் ஆபத்து" என்றால் தயங்காமல் மறுக்கலாம். எட்டு வாரம் மிக நல்லது, நான்கு வாரம் நல்லது, ஒரே ஒரு நாளானாலும் பயனுண்டு.

உதவுவது என்றால் என்ன செய்வது?

முதல் வேலை கேட்பது. கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஸ்மோக்கிங், டிரிங்கிங் ஏதாவது உண்டா?" என்று தலைநிமிராமல் கேட்டால், பக்கத்தில் மகளோ மருமகனோ நிற்கும்போது "இல்லை" என்ற பதில்தான் வரும். செவிலியர் சற்றுத் தனியாக அமர்ந்து இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்: "ஐயா, மயக்க மருந்து சரியாகக் கொடுப்பதற்காகக் கேட்கிறேன், குறை சொல்வதற்காக இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பீடி ஆகும்? காலையில் எழுந்தால் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?"

இரண்டாவது கேள்வியைக் காரணமாகத்தான் சேர்த்தேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்கு நிகோடின் பிடி வலுவாக இருக்கிறது என்று பொருள். இரவு முழுதும் இறங்கிய நிகோடின் அளவு அவரை எழுந்தவுடன் நெருக்குகிறது. அவரிடம் மன உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, மருந்து தேவை. மதியத்துக்கு மேல் நண்பர்களோடு ஒன்றிரண்டு பிடிப்பவருக்கு ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம்.

அடுத்து, பலனை அவருடைய அறுவையோடு இணைத்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம் என்ற பேச்சு அவர் ஏற்கெனவே பெட்டியின் மேல் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது. "நிறுத்தினால் இந்த முழங்கால் தையல் சீக்கிரம் ஆறும், வார்டில் இருக்கும் நாள் குறையும்" என்பது அடுத்த மாதத்துச் செய்தி, அவருடைய சொந்தக் காலைப் பற்றிய செய்தி. அறுவைச் சிகிச்சை நெருங்கும்போது மனிதர்கள் பழக்கத்தை விடுவதற்கு வழக்கத்தைவிட ஆயத்தமாக இருக்கிறார்கள். அந்த வாய்ப்பை மருத்துவமனைகள் கைநழுவ விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூன்றாவதாக, நிறுத்தும் நாளைக் குறிக்க வேண்டும். "குறைத்துக்கொண்டே வருகிறேன்" என்று சொல்பவர் பெரும்பாலும் நாலைந்தில் வந்து நின்றுவிடுவார். அந்த நாலைந்தையும் முன்பைவிட ஆழமாக இழுப்பார். நாள் குறித்து, முந்தைய இரவே வீட்டிலும் சட்டைப் பையிலும் வண்டியிலும் இருக்கும் பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது நல்லது.

நிகோடின் கொடுத்தே நிகோடினை நிறுத்துவதா?

பலருக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் எரியும் புகையில்தான் இருக்கின்றன, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையிலோ நிகோடின் சூயிங்கத்திலோ இல்லை. பட்டை நிகோடினை மெதுவாகவும் சீராகவும் தருகிறது. புகையில் மூளைக்குச் சட்டென்று ஏறும் அந்த உச்சம் இதில் இல்லாததால், தவிப்பு மட்டும் அடங்குகிறது.

காயத்துக்கு நிகோடின் கெடுதல் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோபன்ஹேகனில் செய்து 2003-இல் வெளியான ஒரு சோதனையில் தன்னார்வலர்களின் தோலில் சிறு கீறல்கள் போட்டு ஆறுவதைக் கவனித்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்களின் காயங்களில் 12 சதவீதம் கிருமித் தொற்றுக்கு உள்ளாயின. புகைக்காதவர்களிடம் 2 சதவீதம். நான்கு வாரம் நிறுத்தியவர்களுக்குத் தொற்று நன்றாகக் குறைந்தது. அவர்களில் நிகோடின் பட்டை ஒட்டியவர்களுக்கும் நிகோடின் இல்லாத வெறும் பட்டை ஒட்டியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தோல் ஒட்டு, தசை ஒட்டு போன்ற நுட்பமான ஒட்டறுவைகளில் மட்டும் சில மருத்துவர்கள் நிகோடினே வேண்டாம் என்பார்கள். அதை அவர்களிடமே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவருக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்கி, பிறகு 14, 7 என்று இறக்குவார்கள். காலையில் ரோமம் இல்லாத இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும், தினமும் இடத்தை மாற்ற வேண்டும். திடீரென்று எழும் தவிப்புக்குப் பட்டையோடு சூயிங்கமும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

அந்தச் சூயிங்கத்தைப் பெரும்பாலானோர் தவறாகத்தான் மெல்லுகிறார்கள். அது மருந்து, மிட்டாய் போலத் தொடர்ந்து மென்று தள்ளினால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். மிளகு கடித்தாற்போலக் காரமோ கூச்சமோ தெரிந்ததும் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். மெல்லத் தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் டீ, காபி, பழச்சாறு, குளிர்பானம் எதுவும் குடிக்கக்கூடாது; அவற்றின் அமிலத்தன்மை நிகோடின் வாயில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் என்பது பொது வழக்கம்.

வாரெனிக்ளின், புப்ரோபியோன் என்ற மாத்திரைகளும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரமோ சற்றுக் கூடுதலாகவோ முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியோன் ஆகாது.

முதல் மூன்று நாட்கள்தான் கடினமானவை. எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனம் சிதறுதல் எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். தவிப்பின் ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், நோயாளிக்கு அந்த நிமிடங்களைக் கடக்கத் தெம்பு வரும். ஒரு சுற்று நடப்பது, தண்ணீர் குடிப்பது, யாருக்காவது போன் செய்வது என்று எது கைகொடுத்தாலும் சரி.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று காபி. புகை நம் கல்லீரலை வேகப்படுத்திக் காஃபீனை விரைவாக வெளியேற்ற வைக்கிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, குடிக்கும் அதே நான்கு டம்ளர் காபி உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வருவதைப் புகையை விட்டதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். காபியைப் பாதியாக்கினாலே பலருக்குச் சரியாகிவிடும். தியோஃபிலின், குளோசபின் போன்ற சில மருந்துகளுக்கும் இதே காரணத்தால் அளவு மாற்றம் தேவைப்படலாம் என்பதால், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டாருக்கு

தயவுசெய்து திட்டாதீர்கள். "இந்த வயதிலுமா?" என்று அனைவர் முன்னாலும் கேட்டால், அவர் புகையை விடமாட்டார், உங்களுக்குத் தெரியாமல் புகைப்பார், மயக்க மருந்து கொடுப்பவரிடமும் மறைப்பார். அந்த மறைப்பு அறுவை மேசையில் ஆபத்தாக முடியலாம். வீட்டில் வேறு யாராவது புகைப்பவர் இருந்தால், இந்தச் சில வாரங்களுக்காவது அவரும் சேர்ந்து நிறுத்துவதைவிடப் பெரிய உதவி இல்லை. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து புகையை விட்டால், விட்டது நிலைக்கிறது.

புகைக்குப் பதிலாக வாயில் அடக்கும் புகையிலைக்குத் தாவுவதையும் கவனிக்க வேண்டும். அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை என்றாலும் நிகோடின் ஏராளம், வாய்ப் புற்றுநோய்க்கான பொருள்களும் ஏராளம். அது மாற்று மருந்து ஆகாது. வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் உள்ள பாட்டிமார்களிடம் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்களிடமும் கேளுங்கள்.

ஆலோசனைக்கு எங்கே போவது? இந்தியாவில் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சிகரெட், பீடி உறைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கனடாவில் நடந்த ஒரு சோதனையை இங்கே குறிப்பிட வேண்டும். அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்கு வந்தவர்களிடம் செவிலியர் சில நிமிடங்கள் பேசி, ஒரு கையேடு கொடுத்து, தொலைபேசி உதவி மையத்துக்குப் பெயரை அனுப்பி, ஆறு வாரத்துக்கு இலவச நிகோடின் பட்டை கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது உதவி பெற்றவர்களில் 25 சதவீதத்தினர் புகையின்றி இருந்தார்கள். மற்றவர்களில் 8 சதவீதம். பெரிய செலவோ சிறப்பு நிபுணரோ இல்லாமல் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடிய வேலை இது.

அவசர அறுவை என்றால்?

குடல்வால் அழற்சிக்கும் விபத்துக்கும் நான்கு வாரம் காத்திருக்க முடியாது. புற்றுநோய் அறுவையையும் புகையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக்கூடாது. அங்கே செய்யக்கூடியது உடனே நிறுத்துவது, மயக்க மருந்து கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்வது, அறுவைக்குப் பிறகு மூச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்வது. வலி மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொண்டு, தையல் போட்ட இடத்தில் தலையணையை அணைத்துப் பிடித்து இருமச் சொல்லிக் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் செய்ய வேண்டும்.

அறுவை முடிந்த பிறகும் பட்டையைத் தொடரலாம். வார்டில் புகைக்க வழியில்லாத அந்த நாட்கள் தானாகவே ஒரு தொடக்கத்தைக் கொடுத்துவிடுகின்றன. மறுபடி பற்றவைப்பது பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, பார்க்க வரும் நண்பர்களோடு. டிஸ்சார்ஜ் சீட்டில் காயத்துக்குக் கட்டு மாற்றும் தேதி எழுதும்போதே, புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு பீடி பிடித்துவிட்டால் பட்டையைக் கிழித்தெறிய வேண்டாம், மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். பட்டையின் அளவு போதவில்லையோ, சூயிங்கத்தைச் சரியாக மெல்லவில்லையோ என்று பார்த்து, மறுநாள் காலையிலிருந்து மறுபடி தொடர வேண்டும். தையல் ஆற இன்னும் வாரங்கள் இருக்கின்றன, அந்த வாரங்களில் புகையில்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தக் காயத்துக்குக் கணக்கில் சேரும்.